பிள்ளைத்தாய்ச்சி மேல் ஒற்றைக் கோடு

7-10-1991, திங்கள்

இன்று ஒரு தவறு செய்தேன். மூன்றாம் அலமாரியில் இரண்டு கூண்டுகளின் தண்ணீர்ப் புட்டிகளைக் கழுவிவிட்டு மாற்றி மாட்டிவிட்டேன். இரண்டிலும் ஒரே கிணற்றுத் தண்ணீர்தான். எலிகளுக்கு ஒன்றும் ஆகாது. ஆனாலும் கழற்றிய கூண்டிலேயே திரும்ப மாட்ட வேண்டும் என்பது விதி. யாரும் பார்க்கவில்லை. சொல்லாமல் விட்டிருக்கலாம் என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். பிறகு சொன்னேன்.

பரசுராமன் சார் கோபப்படவில்லை. "அட்டையில எழுதும்மா" என்றார். கூண்டு அட்டையில் நான் முன்பு எழுதியிருந்ததை ஒற்றைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, என் பெயரின் முதலெழுத்தை 'ச' என்று போட்டுத் தேதி போட்டேன். எங்கள் ஆய்வகத்தில் அழிரப்பர் கிடையாது. தவறை அழிக்கக் கூடாது. அடித்த பிறகும் அது படிக்கத் தெரிய வேண்டும். வேலைக்குச் சேர்ந்த அன்று சார் சொன்ன முதல் விஷயம் இதுதான். எனக்கு மிகவும் பிடித்த விஷயமும் இதுதான்.

நான் போகும் லேப் டெக்னீஷியன் மாலை வகுப்பில் தினமும் செய்த வேலையைத் தமிழிலாவது எழுதிப் பழகச் சொல்லியிருக்கிறார்கள். அதனால் முதலிலிருந்து எழுதுகிறேன். எங்கள் கம்பெனி ஒரகடம் சாலையில் இருக்கிறது. திராட்சையிலும் நிலக்கடலையிலும் வரும் பூஞ்சைக்கு அடிக்கிற பொடியைக் கலந்து பாக்கெட் போடுகிறது. எல்லோரும் அதை ஏழாம் நம்பர் பொடி என்பார்கள். வெளிநாட்டில் வாங்குகிறவர்கள் போன வருஷம், வயிற்றில் இருக்கும் சிசுவை இந்தப் பொடி என்ன செய்யும் என்று கேட்டார்களாம். அதுவரை யாரும் கேட்டதில்லை. பின்னாலிருந்த ஸ்டோர் ரூமை இரண்டு அறையாகத் தடுத்து எலிக்கூடமாக மாற்றி, கால்நடை மருத்துவம் படித்த பரசுராமன் சாரைக் கொண்டுவந்தார்கள். சினை எலிகளுக்கு அவர் பொடியைக் கரைத்து வளைந்த குழாய் ஊசியால் வாய்வழியே கொடுப்பார்; அந்தக் கரைசலைத்தான் மருந்து என்போம். எலி ஈனும் நாளுக்கு முந்தின நாள் வயிற்றைத் திறந்து குட்டிகளைப் பார்ப்பார். கூண்டு கழுவுவது, தீனி வைப்பது, அட்டை எழுதுவது என் வேலை.

பேக்கிங் ஷெட் வாசலில் தொங்கும் தகரப் பலகையும் என் கை எழுதியதுதான். போன மாதம் மேனேஜர் கூப்பிட்டு, ஆங்கிலத்தில் இருந்த எச்சரிக்கையைத் தமிழில் எழுதச் சொன்னார். 'கர்ப்பிணிகள்' என்று எழுதினால் பத்திரிகைத் தமிழ் போல இருக்கிறதே என்று தோன்றியது. ஷெட்டில் இருப்பவர்கள் பாதிப்பேர் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவர்கள். அதனால் அவர்கள் வாயில் வருகிற சொல்லையே எடுத்தேன்.

பிள்ளைத்தாய்ச்சிகள் இந்தப் பொடியைத் தொடக் கூடாது.

சிவப்பு எனாமலில் எழுதினேன். பார்க்கும்போதெல்லாம் உள்ளுக்குள் கொஞ்சம் பெருமை. அது சரியா என்று தெரியவில்லை.

9-10-1991, புதன்

இன்று அதிக மருந்து கொடுத்த எலிகளைத் திறந்தோம். சார் திறந்தார், நான் தட்டு பிடித்தேன்.

போன வாரம் எடுத்த குட்டிகள் காரக் கரைசலில் ஊறித் தயாராக இருந்தன. சதை கண்ணாடி மாதிரி ஆகிவிடும். எலும்பு மட்டும் சாயத்தில் சிவந்து தெரியும். புளியங்கொட்டை அளவு மண்டை, மயிர் போல விலா. மருந்து கொடுக்காத கூட்டத்துக் குட்டிகளில் எல்லாம் ஒழுங்காக இருந்தது. மருந்து கொடுத்தவற்றில் பலவற்றுக்கு மேலண்ணம் நடுவில் பிளந்திருந்தது. சிலவற்றுக்கு வால் பாதியில் நின்றுபோயிருந்தது. நான் தப்பாகப் பார்க்கிறேனோ என்று சாரைப் பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து எண்ணினார்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. அதற்கு ஈனும் நாள் நெருங்கிய பிறகுதான் மருந்து ஆரம்பித்தோம். அதே பொடி, அதே அளவு. அந்தக் குட்டிகளிடம் ஒரு குறையும் இல்லை.

"ஏன் சார் அப்படி?"

"உறுப்பு உண்டாகிற நேரத்துல பட்டாதாம்மா கேடு. வீடு கட்டி முடிச்ச பிறகு மழை பெய்ஞ்சா என்ன?"

மாலையில் திரும்பும்போது கம்பெனி வேனில் மரகதம் ஜன்னலுக்கு வெளியே வாந்தி எடுத்தாள். பேக்கிங் ஷெட்டில் வேலை செய்கிறவள், வடக்குப்பட்டுக்காரி. என்னோடு எட்டாவது வரை படித்தவள். வைகாசியில் கல்யாணம் ஆனது. ஷெட்டிலேயே மூத்தவளான கனகம் அக்கா அவள் முதுகைத் தடவிக்கொண்டே சிரித்தாள்.

"ஏண்டி, முழுவாம கீறியா?"

"கம்முனு இருக்கா. ராத்திரி துன்ன கருவாடு ஒத்துக்கல."

"கருவாடு மேல பழி போடாத. ஆடிக்கு அம்மா வூட்ல இருந்துட்டு ஆவணியில ஓடியாந்தியே, அந்தக் கருவாடா?"

வேன் முழுக்கச் சிரிப்பு. மரகதமும் சிரித்தாள். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும் மெதுவாகக் கேட்டேன். ஆவணிக் கடைசியில் வர வேண்டியது வரவில்லை என்றாள்.

"அப்புறம் எப்படிடி பொடி அள்றே? வாசல்ல போர்டு இருக்கே, பார்க்கலையா?"

"தெனம்தான் பாக்கறேன். அது புள்ளத்தாச்சிக்குப் போட்டது."

"நீ யாரு?"

அவள் தன் வயிற்றைத் தட்டிக் காட்டினாள். "நான் இன்னா புள்ளத்தாச்சியா? வயிறு எங்க கீது? இப்ப நாள் தள்ளித்தான் போயிருக்கு. மூணு மாசம் முடியாம வாயால சொல்லக் கூடாது, கண்ணு பட்டுரும். நீ யார்கிட்டயும் சொல்லாத."

கனகம் அக்கா முன் சீட்டிலிருந்து திரும்பிப் பார்த்தாள். "புள்ளத்தாச்சி எவடி நம்ம ஷெட்ல? வயிறு தெரிஞ்சா சூப்பர்வைசர் பலராமனே வூட்டுக்கு அனுப்பிடுறாரு. அந்த போர்டு சாமி படம் மாதிரி, சும்மா மாட்டி வச்சிருக்கு."

சிங்கப்பெருமாள் கோவிலில் ரயில் பிடித்து செங்கல்பட்டு வகுப்புக்குப் போனேன். இன்றைய பாடத்தில் கருவின் படம் வந்தது. கை, கண், இதயம், மேலண்ணம் எல்லாம் எந்த வாரத்தில் உண்டாகிறது என்று கட்டம் போட்டிருந்தார்கள். எல்லாமே வயிறு தெரிவதற்கு முன்னால் உள்ள வாரங்கள். நான் படத்தை வரைந்து முடிக்கவில்லை.

பிள்ளைத்தாய்ச்சி என்றால் வயிறு தெரிகிறவள். இது எனக்குத் தெரியாததா? எங்கள் தெருவிலும் அப்படித்தானே சொல்வோம். கேடு இல்லாத மாதங்களில் விலகி நில் என்றும், கேடு உள்ள மாதங்களில் அள்ளு என்றும் நானே சிவப்பு எழுத்தில் எழுதி மாட்டியிருக்கிறேன்.

10-10-1991, வியாழன்

காலையில் போனவுடன் சாரிடம் சொன்னேன். சொல்லும்போது குழம்பிவிட்டேன். முதலில் மரகதம், பிறகு சொல், பிறகு படம் என்று வரிசை மாறி வந்தது. அவருக்குப் புரிந்தது.

"ரிப்போர்ட் முடியலைம்மா. பாதி முடிவை வெச்சுப் பேசினா நம்ம ஆய்வே தப்புன்னுடுவாங்க."

"போர்டுல ஒரு வார்த்தையாவது மாத்தலாமே சார்?"

"போர்டு ஃபேக்டரி சமாச்சாரம். நமக்கு எலி வரைக்கும்தான். மேனேஜர் மெட்ராஸ்லேர்ந்து வரட்டும், பேசறேன்."

மதியம் மரகதத்தை ஷெட்டுக்குப் பின்னால் கூப்பிட்டு எலிக்குட்டிகளைப் பற்றிச் சொன்னேன். அவள் முகம் வெளுத்தது. பிறகு கோபமாக, "எலியும் நானும் ஒண்ணா?" என்றாள். உள்ளே போகும்போது முந்தானையை இரண்டாக மடித்து மூக்கில் கட்டிக்கொண்டாள். அந்தத் துணி வழியாகப் பொடி எவ்வளவு போகும் என்று எனக்குத் தெரியாது. யாரும் சோதித்ததில்லை.

அவள் வீட்டுக்காரன் லாரியிலிருந்து விழுந்து கால் ஒடிந்து புரட்டாசி பிறந்ததிலிருந்து படுத்திருக்கிறான். அவள் நின்றால் அடுப்பு நிற்கும். அதையும் எழுதி வைக்க வேண்டும்.

14-10-1991, திங்கள்

மேனேஜர் வரவில்லை. சனிக்கிழமை வருவார் என்றார்கள். பிறகு ஆயுத பூஜைக்கு முன்னால் என்றார்கள். நான் சொன்ன பிறகும் நான்கு நாட்களாக மரகதம் பொடி அள்ளுகிறாள். எலிக்கு நான்கு நாட்கள் என்றால் எவ்வளவு என்று எனக்குத் தெரியும். மனுஷிக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். சரியா என்று தெரியாமல் நிறுத்திவிட்டேன்.

இன்று சாப்பாட்டு வேளையில் எனாமல் டப்பாவை எடுத்துக்கொண்டு போனேன். 'பிள்ளைத்தாய்ச்சிகள்' என்பதன் மேல் ஒற்றைக் கோடு போட்டேன். அடியில் இருப்பது படிக்கத் தெரிகிற மாதிரி மெல்லிய கோடு. அதற்கு மேலே எழுதினேன்: 'நாள் தள்ளிப்போன பெண்கள்'. ஓரத்தில் 'ச' என்று போட்டுத் தேதி போட்டேன்.

15-10-1991, செவ்வாய்

ஷெட்டில் ஒரே கூத்து. கனகம் அக்கா என்னைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அடிப்பாவி சசி, நம்ம துணி சமாச்சாரத்தத் தகரத்துல எழுதி வாசல்ல மாட்டிட்டியே! லாரி டிரைவர்லாம் படிச்சிகினு போறான்."

"படிக்கட்டும் அக்கா."

"அவனுக்கும் நாள் தள்ளிப்போச்சானு கேளுடி" என்று யாரோ உள்ளேயிருந்து கத்தினார்கள்.

சூப்பர்வைசர் பலராமன் சார் பலகையைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பி நின்றார். காதெல்லாம் சிவந்திருந்தது. பரசுராமன் சார் அந்த வழியாக வந்தபோது அவரிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "ஆம்பளைங்களுக்கு ஒண்ணும் ஆவாதே டாக்டர்?"

"ஆண் எலிக்கு இன்னும் கொடுத்துப் பார்க்கலை. அடுத்த வருஷம்."

பலராமன் சார் அதற்குப் பிறகு ஷெட்டுக்குள் கால் வைக்கவில்லை. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

மாலைக்குள் மூன்று பேர் என்னிடம் வந்து தங்களுக்கும் நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று காதோடு சொன்னார்கள். மரகதத்தைச் சேர்த்தால் நான்கு. ஒரு சொல் மாறியதும் நான்கு பேர். சரியாகச் செய்தோம் என்று வேலைக்குச் சேர்ந்த பிறகு முதல் முறையாக நினைத்தேன்.

21-10-1991, திங்கள்

மேனேஜர் வந்தார். என்னைக் கூப்பிட்டார். பலகையில் கைவைத்ததற்குத் திட்டுவார் என்று நினைத்துப் பதிலைத் தயாராக வைத்திருந்தேன். அவர் திட்டவில்லை. மேசையில் சாரின் பாதி ரிப்போர்ட் இருந்தது.

"நல்ல திருத்தம்மா. எங்களுக்கே தோணலை பாரு. கம்பெனிக்கு ஒரு பெரிய ஆபத்து தப்பிச்சது."

கம்பெனிக்கு என்றுதான் சொன்னார். நான் சரியாகக் கேட்டேன்.

"தூசி வெளிய வராம மெஷினுக்கு மூடி போட்டா எல்லாருக்கும் நல்லது சார்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"அதெல்லாம் மெட்ராஸ்ல சாங்ஷன் ஆகணும். அதுவரைக்கும் இப்படிச் செய்யலாம்" என்று பலராமன் சாரிடம் ஒரு தாளைக் கொடுத்தார்.

பலராமன் சார் ஷெட் வாசலில் நின்று தாளை வாசித்தார். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டதற்கு ஆஸ்பத்திரிச் சான்று காட்டுகிறவர்களும், பிள்ளை பெறும் வயது கடந்தவர்களும், கல்யாணம் ஆகாதவர்களும் மட்டும் பேக்கிங்கில் இருக்கலாம். மற்றவர்களுக்கு அடுத்த திங்கள் முதல் வேலை இல்லை. அந்த இடங்களுக்கு வேறு ஆள் எடுக்கப்படும்.

யாரும் சிரிக்கவில்லை. முதலில் பேசியது மீனம்மாள். அவளுக்கு ஒரே ஒரு பெண் குழந்தை, இரண்டு வயது.

"செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில எந்தக் கெழமை பண்றாங்க?"

"உனக்கு ஒண்ணுதானேடி கீது" என்றாள் கனகம் அக்கா.

"ஒண்ணு போதும்னு முடிவு பண்ணியாச்சி."

"யாரு முடிவு பண்ணது? உன் வூட்டுக்காரனா?"

மீனம்மாள் தலையை நிமிர்த்தாமல் பலகையைக் கைகாட்டினாள். "அது."

கனகம் அக்காவுக்கு ஆபரேஷன் ஆகிப் பத்து வருஷம். அவள் வேலைக்கு ஒன்றும் இல்லை. ஆனால் சாயங்காலம் வேனில் என் பக்கத்து சீட் காலியாக இருந்தும் அவள் வந்து உட்காரவில்லை. நின்றுகொண்டே வந்தாள்.

23-10-1991, புதன்

வகுப்புக்குப் போகவில்லை. ஸ்டேஷனில் மரகதம் எனக்காகக் காத்திருந்தாள்.

"மீனம்மா ஆபரேஷன் பண்ணிகினு வேலைக்கு வருவா. எனக்கு அதுவும் இல்ல. பொறக்காத புள்ளைய வச்சிகினு எந்த டாக்டர் பண்ணுவான்?"

"மரகதம், நான் உனக்காகத்தான்..."

"எனக்காகத்தான் எழுதின. தெரியும். போர்டுல ஒரு கோடு போட்டேன்னு நெனச்சிகினு கீற. என் அடுப்புல போட்டுட்ட."

ரயில் வந்து போனது. நான் ஏறவில்லை. அவள் அழவில்லை. பிளாட்பாரத்தில் துப்பிவிட்டு, வாந்தியா என்று நான் பார்த்தபோது, "வெத்தல" என்றாள்.

"நான் நாள் வந்துட்டுதுன்னு சொல்லிடறேன். நீ சாட்சி சொல்லு. உன் பேச்சுதான் ஆபீஸ்ல எடுபடுதே."

"நாள் வந்தாலும் எடுக்க மாட்டாங்க. கல்யாணம் ஆனாலே கிடையாதுன்னு போட்டிருக்கு."

"தாலியக் கழட்டி முடிஞ்சிகினு வரட்டுமா?" என்று கேட்டாள். வேடிக்கையாகச் சொன்னாளா என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து படுத்தேன். ஆய்வகத்தில் ஒற்றைக் கோடு போட்டால் தவறு சரியாகிவிடும். தகரத்திலும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டேன். அட்டையைப் படிக்கிறது பரசுராமன் சார். தகரத்தைப் படித்தது மேனேஜர். யார் படிக்கப் போகிறார்கள் என்று நான் யோசிக்கவே இல்லை. முதல் முறை பிள்ளைத்தாய்ச்சி என்று எழுதியபோதும் அதை எப்படிப் படிப்பார்கள் என்று யோசிக்கவில்லை.

பலகையைத் திரும்பப் பழையபடி மாற்றினால் என்ன என்றும் ஒரு நிமிஷம் தோன்றியது. இதை எழுதி வைக்க வெட்கமாக இருக்கிறது.

25-10-1991, வெள்ளி

மரகதத்துக்கு எலிக்கூடத்தில் வேலை கிடைக்குமா என்று சாரிடம் கேட்டேன். எலிக்கூடத்துக்குப் புதிதாக ஆள் எடுக்க அனுமதி இல்லை. ஆனால் கம்பெனிக்குள்ளேயே ஆளுக்கு ஆள் மாற்றிக்கொள்ளலாம், மேனேஜருக்குத் தலைக்கணக்குச் சரியாக இருந்தால் போதும்.

"மரகதத்தை இங்கே போடுங்க சார். எட்டாவது படிச்சிருக்கா, அட்டை எழுதுவா. அவ இடத்துக்கு நான் போறேன். எனக்குக் கல்யாணம் ஆகலை. தாள்ல அதுதானே இருக்கு."

சார் பேனாவை மூடினார். "உன் வகுப்புக்கு லேப்ல வேலை செஞ்ச சர்டிபிகேட் வேணுமே?"

"அடுத்த வருஷம் பார்த்துக்கறேன் சார்."

"இங்கேயும் மருந்து இருக்கும்மா."

"மருந்து கொடுக்காத கூட்டத்து அறையை மட்டும் அவ பார்க்கட்டும். மருந்து அறை..."

"நான் கழுவிக்கறேன்" என்றார். சொல்லிவிட்டுக் கைகளைப் பார்த்துக்கொண்டார். இந்த ஒன்றரை வருஷத்தில் அவர் கூண்டு கழுவி நான் பார்த்ததில்லை.

பிறகு அவரிடம் நான் கேட்கத் தயங்கிய ஒன்றைக் கேட்டேன். பொடி பட்ட எலிக்கு மருந்தை நிறுத்தி, கொஞ்ச காலம் கழித்து இணை சேர்த்தால் குட்டிகள் எப்படி இருக்கும்?

"அது வேற ஆய்வு. வெளிநாட்டுக்காரங்க அதைக் கேட்கலை" என்றார்.

27-10-1991, ஞாயிறு

மரகதத்தின் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். நன்றி சொல்லுவாள் என்று எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. அப்படி எதிர்பார்த்தது திரும்பி வருகிற வழியில்தான் தெரிந்தது.

"எலி மூத்திரம் கழுவுறதுக்கா?" என்றாள்.

"ஆமாம்."

"மருந்து குடுக்காத எலியா?"

"ஆமாம். கம்பெனியிலேயே பொடி படாத இடம் அது ஒண்ணுதான்."

உள்ளேயிருந்து அவள் வீட்டுக்காரன் யார் வந்திருப்பது என்று கேட்டான். "வேலை குடுக்கிறவ" என்று உரக்கச் சொன்னாள். பிறகு என் பக்கம் திரும்பி, "இப்ப போனா புள்ளைக்கு ஒண்ணும் ஆவாதில்ல?" என்று கேட்டாள்.

வகுப்பில் பார்த்த படத்தில் இருந்த வாரங்கள் அவளுக்கு முடிந்துவிட்டன. வேனில் அவள் வாந்தி எடுத்த அன்று முடிந்திருக்கவில்லை. சார் காத்திருக்கச் சொன்னபோதும், நான் தகரத்தில் எழுதிவிட்டுச் சந்தோஷப்பட்டபோதும், அவள் அள்ளிக்கொண்டிருந்தாள். இதெல்லாம் எனக்குத் தெரியும். எலியானால் திறந்து பார்த்துச் சொல்லலாம்.

"தெரியாது மரகதம்" என்றேன்.

"படிச்சவ மாதிரி பேசு."

"படிச்சதாலதான் தெரியாதுன்னு சொல்றேன்."

அவள் கதவைச் சாத்தவில்லை. "காலையில எத்தன மணிக்கு?" என்று மட்டும் கேட்டாள்.

நாளை: ஆறு மணி வேன். மரகதத்தை எலிக்கூடத்தில் விட்டு, தண்ணீர்ப் புட்டியைக் கழற்றிய கூண்டிலேயே திரும்ப மாட்டக் காட்டிக்கொடுக்க வேண்டும். எட்டு மணிக்குப் பேக்கிங் ஷெட்டில் பெயர் கொடுக்க வேண்டும். என் மூக்கில் கட்ட இரண்டு துண்டுகள் எடுத்து வைக்க வேண்டும்.